உள்கயிற்றுச் சிப்பி

பிப்ரவரி 11

சிப்பிப் பண்ணை உரிமையாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். உங்கள் முகவரி வலைப்பையில் கட்டியிருந்த அட்டையில் இருந்தது. பையைக் குப்பையில் போட்டிருந்தார்கள். அட்டையை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் சிப்பியைச் சாப்பிட்டேன். என் கணவர் வாங்கிவந்து அவரே சமைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு விட முடியாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்து நண்டு ஆகாது. ஏழு வயதில் ஒரு தடவை ஆகி, அதன் பிறகு தொட்டதே இல்லை. சிப்பி பலமுறை சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. விவரத்தைக் கேட்ட டாக்டர், சில சிப்பிகளுக்குள் குட்டி நண்டு குடியிருக்கும், அது சேர்ந்து வெந்திருக்கலாம் என்றார். எனக்கு அது புதிய செய்தி.

இது புகார்க் கடிதம் இல்லை. இரண்டே கேள்விகள். உங்கள் சிப்பியில் அப்படி நண்டு உண்டா? உண்டு என்றால், சமைக்கிறவர் கண்ணுக்கு அது தெரியுமா?

பதிலைக் கீழே உள்ள கடை முகவரிக்கு அனுப்பவும். வீட்டுக்கு வேண்டாம். இது மூக்குக்கண்ணாடிக் கடை. பின்னால் லென்ஸ் அரைக்கும் அறையில் வேலை பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்


பிப்ரவரி 17

வாடிக்கையாளர் அம்மாவுக்கு,

ஐயா என்று எழுதியிருந்தீர்கள். இங்கே ஐயா யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை வந்து, இருக்கிற சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவார். பண்ணையைப் பார்த்துக்கொள்வது நானும் என் கொழுந்தனும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இப்போது உடம்பு தேறிவிட்டதா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

நண்டு உண்டு. பட்டாணி நண்டு என்போம். அந்த அளவுதான் இருக்கும். கடுகாக இருக்கும்போது சிப்பிக்குள் போய்விடும். பெண் நண்டு போனது போனதுதான், பிறகு வெளியே வராது. ஓடு கெட்டியாக இருக்காது, உரித்த திராட்சை மாதிரி மெத்தென்று இருக்கும். சிப்பி தண்ணீரை வடிகட்டித் தன் செவுளில் இரையைச் சேர்க்கும். இது உள்ளே உட்கார்ந்தபடி அதைப் பறித்துத் தின்னும். சிப்பி செத்துப்போகாது, கொஞ்சம் இளைக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் எந்தச் சிப்பியில் குடியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

நாங்கள் சிப்பியைக் கயிற்றில் வளர்க்கிறோம். கரையை ஒட்டி அலை இல்லாத இடத்தில் இருப்பது உள்கயிறு. அதில் நண்டு நிறைய. ஆழத்தில் இருப்பது வெளிக்கயிறு, அதில் அபூர்வம். சிலர் நண்டு இருப்பதுதான் ருசி என்று உள்கயிறாகவே கேட்டு வாங்குவார்கள்.

இரண்டாவது கேள்வி. ஆவியில் சிப்பி வாய் திறந்ததும் நண்டு ஆரஞ்சு நிறத்தில் சதைமேல் உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும். பார்க்காமல் கிளறினால் கரைந்து குழம்போடு போய்விடும். உங்கள் வீட்டில் பார்த்தார்களா இல்லையா என்பதை நான் எப்படிச் சொல்வது?

வாங்க வருகிறவர்களிடம் நண்டைப் பற்றிச் சொல்லித்தான் கொடுப்போம்.

இப்படிக்கு,
பண்ணைக்காரி


பிப்ரவரி 23

பண்ணைக்காரி அம்மாவுக்கு,

உடம்பு தேறிவிட்டது. குரல் மட்டும் இன்னும் சரியாகவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, அதனால் கடையில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

உங்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். என் கணவர் உங்கள் பண்ணைமேல் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார். நேற்றுத்தான் எனக்குச் சொன்னார். எச்சரிக்காமல் விற்றார்கள் என்று எழுதியிருக்கிறாராம். நான் வேண்டாம் என்றேன். "உன் உயிர் போகத் தெரிஞ்சுது, சும்மா விடச் சொல்றியா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் நான்கு மாடி என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கியவரும் அவர்தான்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெங்காயம், பூண்டு போட்டு, பெரிய பாத்திரத்தில் வேகவைத்து எடுத்துவந்தார். எனக்கு அவரே பரிமாறினார். வழக்கமாக ஆளுக்கொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். தன் தட்டில் கொஞ்சம் வைத்துக்கொண்டு கொறித்தார். நான் ஐந்தாறு சாப்பிட்டிருப்பேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார்:

"ஒண்ணும் பண்ணலையே உனக்கு?"

என்ன பண்ணணும் என்று கேட்டேன். சும்மாதான் என்றார். அதன் பிறகு இன்னும் இரண்டு சாப்பிட்டேன். அப்புறம்தான் உதட்டில் முள் குத்துவது போல இருந்தது.

அந்தக் கேள்வியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வருகிறவர்களிடம் சொல்லித்தான் கொடுப்போம் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் சொன்னீர்களா? உயரமானவர். நீச்சல் பயிற்சியாளர். கழுத்தில் விசில் தொங்கும், அதைக் கழற்றிவைக்க மறந்துவிடுவார். பிள்ளைகளைக் கடல் நீச்சலுக்குக் கூட்டிவந்துவிட்டுத் திரும்பும்போது உங்களிடம் வாங்கியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கடைக்காரி


மார்ச் 3

அம்மா,

அலுவலகத்திலிருந்து ஆள் வந்து போனார்கள். விசாரணை முடியும்வரை விற்கக் கூடாது என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். சிப்பிக்குத் தாளைப் படிக்கத் தெரியாதே, அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. கனம் தாங்காமல் கயிறு அறுந்தால் எல்லாம் சேற்றில். அதனால் விற்காவிட்டாலும் தினமும் படகில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொழுந்தன் கொதித்துக்கொண்டிருக்கிறான். "அண்ணி, நமக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுத்துடலாம்" என்று பிடிவாதம் பிடிக்கிறான். நான்தான் நிறுத்திவைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். விசில் போட்டிருந்தவரை ஞாபகம் இருக்கிறது. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் அம்மா. இன்னொரு வீட்டு விஷயத்தில் நான் வாயைத் திறப்பது நியாயமா என்று தெரியவில்லை. அதுவும் இந்த நேரத்தில். நான் எதைச் சொன்னாலும் தன் வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறாள் என்றுதான் படும். உங்களுக்கு இல்லாவிட்டாலும் எனக்கே படும்.

போன கடிதத்தில் பெண் நண்டைப் பற்றி மட்டும் எழுதியிருந்தேன். ஆண் நண்டு அதைவிடச் சின்னது, ஓடு கெட்டி. அது ஓரிடத்தில் இருக்காது. மூடியிருக்கும் சிப்பியின் விளிம்பை வெளியே நின்று மணிக்கணக்கில் வருடிக்கொண்டே இருக்குமாம். சிப்பி பழகிப்போய் லேசாக வாய் திறந்ததும் உள்ளே நுழைந்துவிடும். ஆராய்ச்சிக்காக வந்து தங்கியிருந்த ஒரு பெண் சொன்னாள். இத்தனை வருஷம் கையில் வைத்துப் புரட்டியும் நான் பார்த்ததில்லை.

ஏதாவது எழுத வேண்டுமே என்று எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்காரி


மார்ச் 7

அம்மாவுக்கு,

நீங்கள் சொல்லாமல் விட்டதே பதில்தான். ஆனால் எனக்கு அது போதாது. எங்கள் தொழிலில் சுமாராக ஒரு பவர் வைத்துக் கண்ணாடி வெட்டினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலிதான் மிச்சம். நான் ஒரு மாதமாகச் சுமாரான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். கல்யாணமான புதிதில் எனக்குத் தண்ணீர் என்றால் பயம். முட்டி அளவுக்குமேல் இறங்கமாட்டேன். அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதுகுக்குக் கீழே கை வைத்துத் தாங்கிக்கொண்டே குளத்தின் நடுவுக்குக் கொண்டுபோவார். கையை எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்வார். ஒருநாள் கண்ணைத் திறந்து பார்த்தால், அவர் கரையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கிறார். நான் பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கிறேன். பத்து நிமிஷத்துக்கு முன்பே கையை எடுத்துவிட்டாராம். அன்றைக்கு நான் அழுததும் உண்மை, அவரைக் கட்டிக்கொண்டதும் உண்மை. அந்தக் கதையைப் புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் எல்லாம் சொல்வார். பயம் என்பது தெரிவதால்தான் வருகிறது, தெரியாவிட்டால் உடம்பு அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பார்.

அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று வார்த்தை மாறாமல் எழுதுங்கள். உங்கள் வியாபாரத்தையும் என் வீட்டையும் தனித்தனியாக வைத்துப் பார்க்க எனக்குத் தெரியும்.

கண்ணாடிக்கடைக்காரி


மார்ச் 13

அம்மா,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை ஒரே மூச்சில் எழுதி, திரும்பப் படிக்காமல் அனுப்பிவிடுகிறேன்.

அவர் காலையில் வந்தார். வண்டியில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் கொட்டி வைத்திருந்த சிப்பிகளில் ஒன்றைத் திறந்து காட்டி, உள்ளே இருந்த நண்டைக் காண்பித்தேன். எல்லாரிடமும் அப்படித்தான் செய்வேன். வீட்டில் யாருக்காவது நண்டு ஆகாதா என்று கேட்டேன்.

"என் வைஃப் ஆகாதுன்னு சொல்லிக்கிட்டிருக்கா" என்றார்.

அப்படியானால் வேண்டாம், உள்கயிற்றில் நண்டு நிறைய, வெளிக்கயிற்றில்கூட ஒன்றிரண்டு இருக்கும், நான் கொடுக்கமாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்த முகமாகவே நின்றார். அந்த நண்டை விரல் நுனியில் எடுத்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் மனசுதாங்க. ஏழு வயசுல என்னமோ ஆச்சாம், அவங்க அம்மா சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. தெரியாம சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது."

"விளையாடாதீங்க சார்" என்றேன். சரி சரி என்று நண்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாங்காமல் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

மீதியை நான் பார்க்கவில்லை. புகார் வந்த பிறகு கொழுந்தன் சொல்லித்தான் தெரியும். அவர் நேராகப் படகுத்துறைக்குப் போய், அவனிடம் ஒரு பை கேட்டிருக்கிறார். அண்ணியிடம் பேசிவிட்டேன், நண்டு இருக்கிறதுதான் ருசியாமே, உள்கயிறாகப் பார்த்துக் கொடு என்றாராம். உள்கயிறு என்கிற வார்த்தையே என் வாயிலிருந்து அவர் கற்றுக்கொண்டுபோனது. நான் சொல்லியனுப்பினேன் என்று நினைத்து அவனும் நல்லதாகப் பொறுக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அவ்வளவுதான். இதை அலுவலகத்தில் நாங்கள் சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்ய நினைத்தாலும் எங்களுக்காகச் செய்ய வேண்டாம்.

பண்ணைக்காரி


மார்ச் 22

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் படித்தேன். படித்துவிட்டு, அரைத்துக்கொண்டிருந்த ஜோடியை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

போனதும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சின்னப் பாத்திரம் ஒன்றில் எனக்கு மட்டும் சமைத்துக்கொண்டேன். அவர் என்ன இது என்றார். இனிமேல் இப்படித்தான் என்றேன். மூன்றாம் நாள் அவருக்குப் புரிந்துவிட்டது. பண்ணைக்குப் பேசினாயா என்று அவராகவே கேட்டார். எழுதினேன் என்றேன்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உன் நல்லதுக்குத்தான் பண்ணேன். ஒண்ணும் ஆகலைன்னதும் சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம்."

"ஆச்சே" என்றேன்.

"அது ஆகும்னு எனக்குத் தெரியாது."

"நான் சொன்னேனே."

 "நீச்சல் கத்துக்கிட்டப்ப மட்டும் இனிச்சுதா?" என்றார்.  பிறகு அழுதார். பொய் அழுகை இல்லை. என்னைக் கொல்ல நினைத்தார் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை அம்மா. கொல்ல நினைத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

என் அண்ணன் வந்தார். மாப்பிள்ளை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பெரிசுபடுத்தாதே என்றார். நான் பெரிசுபடுத்தவில்லை, தொண்டைதான் பெரிசாச்சு என்றேன். அண்ணன் சிரித்துவிட்டார், அப்புறம் சிரித்ததற்காகச் சங்கடப்பட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். ஆகாது என்பது உறுதியாகிவிட்டது. அந்தத் தாளை இருவர் முன்னாலும் வைத்தேன். என் கணவர் அதை வரி விடாமல் படித்தார். என் வார்த்தை பத்து வருஷமாகச் செய்யாததை அந்தத் தாள் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டது.

சுகாதார அலுவலகத்துக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பண்ணையில் எச்சரித்தார்கள், விற்கவும் மறுத்தார்கள், அதற்குப் பிறகுதான் வேறு வழியில் வாங்கப்பட்டது. வாங்கியவர் யார் என்பது அவர்கள் கோப்பிலேயே இருக்கிறது. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். தடுக்கவில்லை.

கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. முதலாளியம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

கண்ணாடிக்கடைக்காரி


ஏப்ரல் 9

அம்மா,

அலுவலகத்து ஆட்கள் வந்து தாளைக் கிழித்துவிட்டுப் போனார்கள். உங்கள் கடிதம் வந்ததாகவும், புகார் கொடுத்தவரே வந்து வாபஸ் வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார்கள். அவர் வந்தாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

விற்பனை தொடங்கிவிட்டது. கயிறு மூன்று அறுந்துபோனது, பரவாயில்லை. கொழுந்தனுக்குத்தான் ஆறவில்லை. தன் கையால் பொறுக்கிப் போட்டோமே என்று மாய்ந்துபோகிறான். இப்போது துறையில் யார் பை கேட்டாலும், நண்டு ஆகுமா, வீட்டுக்காரம்மாவுக்கு ஆகுமா, மாமியாருக்கு ஆகுமா என்று வம்சம் முழுக்க விசாரிக்கிறான். ஒருவர் "எனக்குக் கல்யாணமே ஆகலைப்பா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாராம்.

நான் ஒன்று கேட்கலாமா? இதற்குள் அந்த மேலறைக்கு வந்திருப்பீர்கள், தனியாக என்ன சாப்பிடுகிறீர்கள்? நான் எழுதியதால் ஒரு வீடு இரண்டாயிற்றே என்று இருக்கிறது. எழுதாமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதுவும் சரியாக வரவில்லை.

இங்கே ஒரு நாள் வாருங்கள். சிப்பியைத் தவிர வேறு எல்லாம் சமைக்கத் தெரியும் எனக்கு.

பண்ணைக்காரி


ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

இப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்னைவிடப் பெரியவரா சின்னவரா என்று தெரியாது. சின்னவர் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதால் வீடு இரண்டாகவில்லை. மேலே உள்ள அறை நன்றாகவே இருக்கிறது. ஜன்னல் தெருவைப் பார்த்தது. கீழே மெஷின் ஓடினால் தரை லேசாக அதிரும். அடுப்பு ஒன்று, பாத்திரம் நாலு. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. முதல் வாரம் சமைத்ததையே சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கே அலுத்துப்போய், எதிர்க் கடையில் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். முன்பின் தெரியாத சமையல்காரர். என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டேன், சொன்னார், சாப்பிட்டேன். நடுவில் எந்த யோசனையும் வரவில்லை. அதைக் கவனித்தபோதுதான் வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

போன சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். மூன்றடுக்கு டிபன் கேரியர் கொண்டுவந்திருந்தார். காலையிலிருந்து சமைத்திருப்பார் போலிருக்கிறது, கையில் எண்ணெய் தெறித்த தடம் இருந்தது. எல்லாம் காய்கறிதான். எது எதில் என்ன போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். தட்டையும் எடுத்து வைத்தேன். கை போகவில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இரு, நான் முதல்ல சாப்பிட்டுக் காட்றேன்" என்று அடுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேலடுக்கிலிருந்து ஒரு வாய். நடு அடுக்கிலிருந்து ஒரு வாய். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இன்னொரு வாய் எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை என்று காட்டத்தான் ஆரம்பித்தார். ஆனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை அக்கா, பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் காட்டுவதை மறந்து, பசிக்குச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். தலை குனிந்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததைக்கூட வழித்து. நான் தண்ணீர் மொண்டு வைத்தேன். முழுக்கக் காலியான பிறகுதான் நிமிர்ந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நான் கேரியரை வாங்கிக் கழுவி, துடைத்து, அடுக்கி மாட்டிக் கொடுத்தேன். படியில் இறங்கப்போனவர் நின்று, அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டார்.

"வாங்க" என்றேன். "சாப்பிட்டுட்டு வாங்க."

உங்கள்,
கண்ணாடிக்கடைத் தங்கை